பதினான்காம் வளைவில் நின்ற சத்தம்

வாங்கும்போதே ஒரு சத்தம் இருந்தது.
ஏலத்தில் வந்த பழைய ஜீப்பு,
கருப்பூர்ப் பக்கம் ஒரு கிடங்கில்
வெள்ளைக்கல் தூசி போர்த்தி
நான்கு வருடம் நின்றது.
சத்தத்தைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள் என்றேன்.
விற்றவர் சிரித்தார். ஆயிரம் குறைத்தார்.

ஆறு நாளும் மின்வாரியத்தில்
ஊரார் மீட்டரின் கணக்கு.
ஞாயிற்றுக்கிழமை
கன்னங்குறிச்சி வீட்டு வாசலில்
சாக்கு விரித்து மல்லாந்து படுத்தால்
வானம் இருக்கவேண்டிய இடத்தில் சேஸிஸ்.
தெருவில் போகிறவர்களுக்கு
என் பாதம் இரண்டு மட்டும் தெரியும்.
மெட்டியைப் பார்த்துவிட்டுத்
தயங்கிக் கேட்பார்கள்:
"வண்டிக்காரர் இல்லைங்களா?"
"இருக்கறேன், சொல்லுங்க" என்பேன்
அடியிலிருந்து.

முதலில் பட்டை ஸ்பிரிங்கில் ஒன்று கூட்டினேன்.
இரண்டு அங்குலம் வளர்ந்தது வண்டி.
வளர்ந்த பிள்ளைக்குக் கால்சட்டை போல
பிரேக் ஹோஸ் எட்டவில்லை,
ஷாக் பற்றவில்லை,
டயர் திடீரென்று சின்னதாகத் தெரிந்தது.
டயரைப் பெரிதாக்கினேன்.
முள் பொய் சொல்ல ஆரம்பித்தது:
நாற்பது என்று காட்டினால்
நாற்பத்தைந்து என்று திருத்திக்கொள்ள வேண்டும்.
மீட்டர் பொய் சொன்னால் யாருக்கு எழுதவேண்டும்
என்பது எனக்குத் தெரியும்.
ஆனால் இங்கே
நுகர்வோரும் நான், வாரியமும் நான்.

வின்ச்சுக்குத் தாங்கி கடைந்து தந்த தஸ்தகீர்
செவ்வாய்ப்பேட்டை லேத்தில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்:
"எதைம்மா இழுக்கப் போறீங்க?"
இதுவரை இழுத்தது
காற்றில் சாய்ந்த பக்கத்து வீட்டு முருங்கை.
அதுவும் பாதியில் முறிந்தது.

இளங்குமரனுக்கு முட்டி வலி.
"ரெண்டு அங்குலம் ஏத்தினியே,
என் முட்டியைக் கேட்டியா?"
காயலான் கடையில் பஸ்ஸின் படித்தகடு கிடைத்தது.
வெட்டி, பற்றவைத்து, கறுப்படித்தேன்.
ஏறி உட்கார்ந்ததும் இப்போதெல்லாம்
கதவை இரண்டு தட்டுத் தட்டி
"போலாம் ரைட்" என்கிறான்.

சத்தம் மட்டும் அப்படியே.
கிணுக், கிணுக்.
இரண்டாம் கியரில்,
இடப்பக்கம் திரும்பும்போது,
ஈர நாளில் மட்டும்.
புஷ் மாற்றினேன். ஷேக்கிள் மாற்றினேன்.
பேட்டரித் தட்டுக்கு அடியில்
சைக்கிள் டியூப் வெட்டி வைத்தேன்.
முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும்
சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்தேன்,
அசைந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று.
ஒரு கோடும் அசையவில்லை.
"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பான் இளங்குமரன்.
சத்தத்தைவிட
அதுதான் எரிச்சல்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை
ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தோம்.
இரண்டாம் கியர், ஈரச் சாலை,
வளைவுக்கு வளைவு கூடவே வந்தது.
பதினான்காம் கொண்டையூசியில்
நின்றது.
வண்டி அல்ல,
சத்தம்.

வயிற்றில் ஏதோ புரண்டது.
ஓரம் கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
இவ்வளவு நாள் ஆடிக்கொண்டிருந்தது
இப்போது விழுந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?
பதின்மூன்று வரை
சாலையைப் பார்த்தபடியே இறங்கி நடந்தேன்.
கைப்பிடிச் சுவரில் குரங்குகள்
பாப்கார்ன் இல்லாத மனுஷியை
அக்கறையில்லாமல் பார்த்தன.
வடிகால் ஓரம் சில்வர் ஓக் சருகில்
ஒரு போல்ட்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும்.
புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்,
நகப்பூச்சு இல்லை.
என்னுடையது இல்லை.

யாருடையதோ.
அவர் எந்த வளைவில் நிறுத்தி
எதைத் தேடிக்கொண்டிருக்கிறாரோ.
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
ஸ்டெப்னி தாங்கியில்
ரொம்ப நாளாகக் காலியாயிருந்த துளையில் முறுக்கினேன்.
நான்கு மரை ஏறியது,
அதற்குமேல் மாட்டேன் என்றது.
சரி, அவ்வளவு போதும்.

அடுத்த மூன்று ஞாயிறு
சாக்கு விரித்துச் சும்மா படுத்திருந்தேன்.
கிரீஸ் அடித்ததற்கே கிரீஸ் அடித்தேன்.
நான்காவது ஞாயிறு கோரிமேட்டைத் தாண்டும்போது
இளங்குமரன் தலையைச் சாய்த்தான்.
"ஏதோ கேக்குதே...
கிணுக்குனு, உன் பக்கம்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
"எந்த கியர்ல?" என்றேன்.